மூன்றாம் பக்கத்துத் திருத்தம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என் நடுக்கத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய பாலசுப்பிரமணியன் மாஸ்டர் அவர்களே, லண்டன் வெஸ்ட் ஈலிங்கின் இந்த மண்டபத்துக்கு மழையையும் பாராமல் பேருந்து மாறி மாறி வந்திருக்கும் பெரியோர்களே, பின்னால் சமையற்கட்டில் நின்றபடியே செவிகொடுக்கும் தாய்மார்களே, தமிழைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் யோசிக்கும் எங்கள் இளையோர்களே! சட்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நித்தியானந்தனின் பணிவான வணக்கம்.

சற்று முன் நான் மேடையேறியபோது எழுந்த சலசலப்பை என் பெருமைக்குக் கிடைத்த வரவேற்பு என்றே நினைத்தேன். என் மனைவி கலாவதி ஓடிவந்து என் கோட்டின் முதுகிலிருந்து எதையோ உரித்தெடுத்தபோதுதான் விளங்கியது. கடையில் பழையதாகப்போகும் பாண் ரொட்டிக்கு ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கர். பாதி விலை! சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். மகளின் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியில் சிரிக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். என் பிரியந்தி இங்கே இருந்திருந்தால் உங்கள் எல்லோரையும்விட உரக்கச் சிரித்திருப்பாள்.

அன்பானவர்களே, ஓ லெவலில் கணிதத்தில் இரண்டு தரம் தவறியவன் நான். தமிழில் தப்பியது வாத்தியாரின் தயவு. சொற்களை அடுக்கத் தெரியாது. சோப்புக் கட்டிகளை அடுக்கத் தெரியும். ஆனாலும் ஒன்று தெரியும். வன்னியில் யுத்தம் முடிந்த இந்த ஆண்டு நம்மில் கண்ணீர் நுழையாத வீடு இல்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேருக்கு, போனவர்களின் முப்பத்தோராம் நாளை எண்ணுவதற்கு ஒரு திகதிகூடக் கிடைக்கவில்லை! அப்படிப்பட்ட உங்களிடம், கட்டிலில் படுத்து, தாயின் கையைப் பிடித்தபடி கண்மூடிய ஒருத்திக்காக அழுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே அழச்சொல்லிக் கேட்க நான் வரவில்லை. ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் நினைவு மலரைத் தயவுசெய்து விரியுங்கள். மூன்றாம் பக்கம். என்ன எழுதியிருக்கிறது? ‘டொக்டர் பிரியந்தி நித்தியானந்தன், டென்மார்க்.’ மாஸ்டர் எட்டுப்பக்கம் இரவு பகலாக எழுதியிருக்கிறார். அவர்மீது பிழை இல்லை. அச்சகத்தின்மீதும் பிழை இல்லை. சரிபார்க்கச் சொல்லி என்னிடம்தான் தந்தார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

என் மகள் டொக்டர் இல்லை.

அமைதியாக இருங்கள், மாஸ்டர், நீங்களும் இருங்கள். முடித்துவிடுகிறேன்.

அவளுக்கு ஒன்பது வயதில் நாங்கள் டென்மார்க் போய்ச் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை விரதகாரனான எனக்குப் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. அவளுக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் பனியின் வேடம். அந்த ஆண்டுதான் பனியைக் கண்ணால் கண்ட பிள்ளை, வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு மேடையெங்கும் பொழிந்தாளாம். பொழிந்தாளாம் என்று ஏன் சொல்கிறேன்? நான் ஷிப்ட் முடிந்து வந்து, முன்வரிசையில் இருந்து, நன்றாக நித்திரை கொண்டேன்.

படித்தாள். பாடமாக்கினாள். எங்களுக்குத் தெரியாமல் நடிப்புப் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். முதற் படத்தில் ஒரு கடையின் காசாளர், ‘பை வேண்டுமா?’ என்ற ஒரே ஒரு வசனம். அதற்காக என்னிடம் தொலைபேசியில் கேட்டாள், சாமான் வாங்குபவரின் முகத்தைப் பார்த்துக் கேட்பதா, சாமானைப் பார்த்துக் கேட்பதா என்று. சாமானைப் பார்த்து என்றேன். அன்பானவர்களே, அந்தப் படக்கலையில் என்னுடைய பங்களிப்பு அவ்வளவுதான்! அதற்குப் பிறகு தரை துடைக்கும் பெண், அகதிப் பெண், மறுபடியும் துடைக்கும் பெண். இந்த முகத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்டுக் கேட்டு, கதவைத் தட்டித் தட்டி, 2002இல் ஒரு படத்தில் டொக்டர் வேடம் வாங்கினாள்.

நாங்கள் அதற்கு முந்திய ஆண்டே லண்டனுக்கு வந்துவிட்டோம். அந்தப் படத்தில் எடுத்த ஒரு போட்டோவை அனுப்பினாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கலாவதி அதைப் பிரேம் போட்டு ஹோல் சுவரில் மாட்டினாள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்து, “மகள் டொக்டரோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

ஒரு சொல்! அந்த ஒரு சொல்லை நான் ஏன் சொன்னேன்? கூத்தாடியைப் பெற்றவன் என்று சொல்வார்களோ என்ற பயம். யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே நான் பயந்துவிட்டேன். ஏழு ஆண்டுகள், கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் நான் டொக்டரின் தகப்பன். முழங்கால் நோவுக்கு என்னிடம் மருந்து கேட்டார்கள், நானும் தயங்காமல் சொன்னேன்!

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் சட்டனுக்கு வந்திருந்தாள். அதோ, இரண்டாம் வரிசையில் இருக்கும் எங்கள் பக்கத்து வீட்டு மரியமலர் அக்கா, ஒரு பை நிறைய மாத்திரைகளோடு வந்துவிட்டார். நான் பின்பக்கக் கதவால் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பிரியந்தி என்னைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய போட்டோவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள். கையைப் பிடித்தாள். மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா, இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்டாள். ஒரு மாத்திரையையும் மாற்றச் சொல்லவில்லை. “நாளைக்கே உங்கடை டொக்டரிட்டைப் போகவேணும் அன்ரி, எனக்காகப் போகவேணும்” என்றாள். அக்கா போனார். போனதால் இன்று இங்கே இருக்கிறார்.

என்ன அக்கா? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

அக்கா சொல்கிறார்: “எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. எந்த டொக்டர் அவ்வளவு நேரம் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும்?”

பார்த்தீர்களா! ஊரை ஏமாற்றிவிட்டேன் என்று ஏழு ஆண்டுகள் இறுமாந்திருந்தேன். ஏமாந்தவன் ஒருவன்தான். அவன் இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அன்று அக்கா போன பிறகு என் மகள் கோபித்தாளா? கத்தினாளா? கோப்பை கழுவிக்கொண்டு, “சம்பளம் இல்லாத படம் அப்பா. ஆனா நல்ல வேஷம்” என்றாள். நான் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. கை துடைக்கத் துவாயை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு அவளுக்குக் கதாநாயகி வேடம் கிடைத்தது. மீன்பிடி ஊரில் படகோட்டும் ஒரு பெண். அதற்காக மூன்று மாதம் கடலில் படகு பழகினாள். கைகளெல்லாம் காய்த்துப்போயின. பெயர் நீளமாக இருக்கிறது, சுருக்கிக்கொள் என்று இயக்குநர் சொன்னாராம். கலாவதிக்கு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “என்ரை அப்பாவின்ரை பேர் நீளம்தான், திரையைப் பெருப்பியுங்கோ எண்டு சொன்னன் அம்மா.”

பெருமக்களே! அந்த நாட்டு வீதிகளில் ஒட்டிய சுவரொட்டிகளில் இந்த மூலையில் இருந்து அந்த மூலைவரை நித்தியானந்தன் என்ற பெயர் ஓடியது. அவள் என் பெயரை ஊரறியத் திரையில் போட்டாள். நான் அவள் தொழிலை ஊரறியாமல் வீட்டுக்குள் போட்டுப் பூட்டினேன். அவள் எனக்கு வெளிச்சம் தந்தாள். நான் அவளுக்கு வெள்ளைக் கோட்டுத் தந்தேன். முதற்காட்சிக்கு வரச்சொல்லிக் கோபன்ஹேகனிலிருந்து அழைத்தாள். கலாவதி போனாள். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வயது. இரத்தத்தில் வந்த புற்றுநோய்க்கு அவள் டொக்டரா நடிகையா என்ற பேதம் தெரியவில்லை. பேதம் பார்த்தவன் பெற்றவன். எத்தனை வேடங்களை அவள் போட்டாள்! போட்டவற்றையெல்லாம் படம் முடிந்ததும் கழற்றி வைத்தாள். அப்பன் போட்டுவிட்ட வேடத்தை மட்டும் கழற்ற முடியாமலே போய்விட்டாள். அதை இந்த மலருக்குள்ளும் அச்சடித்து அனுப்பிவிடலாமா? அவள் பிள்ளைகளைப் பெறவில்லை. வீடு வாங்கவில்லை. அவள் சம்பாதித்தது ஒரே ஒரு பட்டம். அதையும் நான் பறிக்கலாமா?

ஆகவே கேட்கிறேன். எழுந்து நிற்க வேண்டாம். மலர் தூவ வேண்டாம். உங்கள் சட்டைப்பையில் பேனை இருக்கிறதா? எடுங்கள். இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்குங்கள். மூன்றாம் பக்கத்தில் ‘டொக்டர்’ என்ற சொல்லை வெட்டுங்கள். அழுத்தி வெட்டுங்கள். அதற்கு மேலே உங்கள் கையால் எழுதுங்கள்: நடிகை. தமிழ் எழுத வராத பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுங்கள், பரவாயில்லை. மாஸ்டர், நீங்களும். ஓம், உங்கள் பிரதியிலும்தான்.

எழுதுகிறீர்கள். எனக்கு இங்கிருந்து தெரிகிறது. இத்தனை தலைகள் ஒன்றாகக் குனிந்ததை நான் கோயிலிலும் கண்டதில்லை.

நேரத்தைத் தந்த தலைவருக்கும், சோறு சமைத்த கைகளுக்கும், பேனை இரவல் கொடுத்த நல்லவர்களுக்கும், என் பிழையை உங்கள் கையால் திருத்தித் தந்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, நடிகை பிரியந்தியின் தகப்பன் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன். வணக்கம்.

மேடையில் நான் பேசியது இவ்வளவும்தான். இதை அச்சில் போடக் கேட்டார்கள் என்பதால், அன்று வாய்விட்டுச் சொல்லாமல் இறங்கியதையும் எழுதிவிடுகிறேன். ஆடி மாதம் அவள் மருத்துவமனையிலிருந்து பேசினாள். தான் அனுப்பிய படகுக்காரியின் படத்தைப் பார்த்தேனா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். டிவிடி உறை பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடந்தது. எந்த இடம் பிடித்தது என்று கேட்டாள். கடைசி இடம், அதில் நீ நடித்ததைப் பார்த்து அழுதுவிட்டேன் என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

“கடைசி அரை மணித்தியாலம் நான் படத்திலை இல்லை அப்பா.”