வரலாற்றுத் துறை மாசாணண்ணனுக்கும் அவர் ஒட்டிய பொட்டுக்கும்

இருட்டறையில் நின்றுகொண்டே எங்களுக்கு வெளிச்சம் காட்டியவரே, உக்கடம் பேருந்து நிலையத்தைத் தாண்டாத மாணவரையும் ஒரு நொடியில் அமெரிக்கக் கண்டத்துக்கு அனுப்பி மணி அடிக்குமுன் பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வந்தவரே, முப்பத்தோர் ஆண்டுகளாகத் துறையின் சாவிக்கொத்தைத் தூக்கத்திலும் பிரியாதவரே, தூசிக்கும் பூஞ்சைக்கும் தீராப் பகைவரே, பெருமதிப்பிற்குரிய மாசாணண்ணா அவர்களே, வணக்கம்!

பணி நிறைவுப் பாராட்டு மடல் என்றால் முகத்துக்கு நேரே நின்று "நீங்கள், நீங்கள்" என்று புகழ்வதுதான் முறை. ஆனால் போன வாரம் தாங்கள் எங்கள் அறை வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. "ஏனுங்க, என்னைய மேடையில உக்கார வெச்சு நீங்க நீங்கன்னு படிச்சீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவனுங்க. வேற யாரையோ பத்திப் படிக்கற மாதிரி படிச்சுப்போடுங்க." போனவர் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னீர்கள். "குத்தங்குறை இல்லாத சேவைன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க." இரண்டுக்கும் கட்டுப்படுகிறோம். ஆகவே அவையோரே, இனி இவரை நாங்கள் "அவர்" என்றே சொல்லப்போகிறோம். அவர் நாற்காலியை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வது முன்வரிசையில் இருக்கும் உங்கள் பொறுப்பு.

மாசாணண்ணன் 1967-இல் இக்கல்லூரியில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். மணி அடித்தார், தபால் சுமந்தார், தேர்வு நாட்களில் தண்ணீர் கொடுத்தார். துறைத் தலைவராக இருந்த பத்மாவதி அம்மா முதுகலை வகுப்புக்குக் கலை ஒப்பீடு என்று ஒரு தாளையும் நவீன அமெரிக்க வரலாறு என்று ஒரு தாளையும் கொண்டுவந்த பிறகுதான் அவருடைய உண்மையான உத்தியோகம் ஆரம்பித்தது. இரண்டு தாளுக்கும் படம் வேண்டும். படம் போட்ட புத்தகங்களோ நம் நூலகத்தில் கிடையாது. மெட்ராஸிலிருந்து பார்சலில் வந்து இறங்கிய நானூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகளும் ஒரு பழைய புரொஜெக்டரும்தான் எங்கள் செல்வம். பல்லடத்துத் தறிக்காரர் மகனுக்கும் உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி மகளுக்கும் அமெரிக்கா என்றால் அது மாசாணண்ணன் சுவரில் விழவைத்த அமெரிக்காதான்.

ஸ்லைடு என்பது அட்டைச் சட்டத்துக்குள் அடங்கிய சின்னஞ்சிறு பிலிம் துண்டு. எந்த முகத்தைத் திருப்பிப் போட்டாலும் சுவரில் படம் விழும். முகம் மாறினால் இடது வலதாகிவிடும், அவ்வளவுதான். முன்பின் பார்க்காத படமென்றால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. மை வைத்துப் பார்த்தார், விரலோடு வந்துவிட்டது. கடைசியில் தம் மனைவி செல்லாத்தாள் அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, ஸ்லைடுக்கு ஒரு சிவப்புப் பொட்டு வீதம் அத்தனைக்கும் ஒட்டினார். "பொட்டு வெச்ச மொகம் வெளக்கப் பாக்கோணும்." அவர் எழுதாத கையேடு முழுவதும் இந்த ஒரு வரிதான்.

இருநூற்றேழாம் எண் ஸ்லைடைப் பற்றி இனி சொல்ல வேண்டும். அண்ணன் இப்போதே மேசை விரிப்பின் நுனியைத் திருகத் தொடங்கிவிட்டார். பரவாயில்லை, சொல்கிறோம்.

அது ஓர் அமெரிக்கப் புகைப்படம். முப்பதுகளின் வறட்சியில் நிலத்தை விட்டுக் கிளம்பிய ஒரு குடியானவக் குடும்பம், சாலையோரத்தில் நிற்கும் லாரி, மடியில் குழந்தையோடு ஒரு தாய். அதற்கு ஜோடியாகப் பத்மாவதி அம்மா காட்டியது, உடுமலைப் பக்கத்து மண்டபத் தூண் ஒன்றில் பஞ்சம் பிழைக்கப் போகும் குடும்பத்தைச் செதுக்கிய சிற்பம். அதிலும் ஒரு தாய் உண்டு, அவள் வலப்பக்கம் பார்ப்பாள். 1992-93 வகுப்பில் இந்த ஜோடியை ஏழு முறை போட்டார்கள். வால்பாறை எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து வந்து படித்த தமிழ்ச்செல்வன் ஒருநாள் எழுந்து சொன்னான். "ரெண்டு அம்மாவும் வலது பக்கந்தான் பாக்கறாங்க மேடம். ரெண்டு பஞ்சத்துக்கும் ஒரே பார்வைதான்." பத்மாவதி அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. இருபத்துமூன்று பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஏப்ரல் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது, இருபத்துமூன்று பேரும் எழுதினார்கள்.

ஜூன் மாதம் செய்தித்தாளில் முடிவு வந்தபோது நம் வகுப்பின் எண் ஒன்றுகூட இல்லை. மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பத்மாவதி அம்மா அதை வாசிக்கையில் மாசாணண்ணன் பக்கத்தில் பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அசல் படத்தில் அந்த அமெரிக்கத் தாய் இடப்பக்கம் பார்க்கிறாளாம். இருபத்துமூன்று பேரும் ஒரே பொய்யை ஒரே மாதிரி எழுதியிருப்பதால் இது கூட்டாகப் பார்த்து எழுதியதாம். திங்கட்கிழமை விசாரணை. ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவோருக்கு ஓராண்டுத் தடை, மறுப்போருக்கு மூன்றாண்டு.

"நானும் வலது பக்கமாத்தான் பாத்திருக்கேன், மாசாணம். என் கண்ணு மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார் அம்மா.

மாசாணண்ணன் குடத்தைக் கீழே வைத்தார். அலமாரியைத் திறந்து இருநூற்றேழை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பொட்டு மாறிய முகத்தில் இருந்தது. முந்தைய கல்வியாண்டின் கடைசியில் அலமாரி அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு பொட்டும், அதை எடுத்து இதில் ஒட்டியதும், ஒட்டும்போது மூன்றாம் மணி அடிக்க ஓடியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஸ்லைடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலமாரியைப் பூட்டினார்.

அன்று வெள்ளிக்கிழமை. மாணவர்கள் வராந்தாவில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். தமிழ்ச்செல்வனுக்கு இரண்டு வாரத்தில் பி.எட். நேர்முகம், மதிப்பெண் பட்டியல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். "அண்ணா, நாங்க காப்பி அடிக்கலீங்ண்ணா" என்று அவன் இவரிடமே வந்து சொன்னான். "தெரியும் கண்ணு" என்றார். அந்த இரண்டு சொல் வெளியே வந்தபோது மூன்றாவது சொல்லும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்து கழிவறைப் பக்கம் போய்விட்டார். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அரசாங்கத்தின் ஒரு கையெழுத்தில் அவ்வளவும் போய்விடும் என்று அவர் நம்பினார். பல்லடம் போகும் பேருந்தில் நெஞ்சின் மேல் கை வைத்தபடியே போனார். நெஞ்சுவலியா என்று கண்டக்டர் கேட்டாராம்.

ஞாயிறு காலை துவைக்க எடுத்த சட்டையில் செல்லாத்தாள் அக்கா ஸ்லைடைக் கண்டெடுத்தார். இந்தப் பகுதி அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"என்னங்க இது, என்ற பொட்டு உங்க பாக்கெட்டுல கெடக்குது?"

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"சொன்னா வேலை போயிரும், செல்லா."

"ரெண்டு நாளா உங்களுக்குச் சோறு எறங்கல. அங்க இருவத்துமூணு ஊட்ல எறங்காம இருக்குமுங்க."

"போயிருச்சுன்னா?"

"போச்சுன்னா தறிக்குப் போலாம். நாளைக்கு நானும் வாரேன்."

"நீ எதுக்கு?"

"பொட்டு என்றதுங்க."

திங்கட்கிழமை முதல்வர் அறையில் விசாரணைக் குழுவினர் மூவர் அமர்ந்திருந்தனர். மேசை மேல் அந்தப் புகைப்படம் அச்சான புத்தகம் திறந்து கிடந்தது. அகர வரிசையில் முதல் பெயர் கதிர்வேல். அவன் கையெழுத்திட மறுத்து அழுதுகொண்டே வெளியே வந்தான். பல பேருக்குப் பிறகு தமிழ்ச்செல்வன் உள்ளே போனான். அவனுடைய அம்மா சின்னத்தாயி கொழுந்து பறிக்கிற வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து வாசலில் நின்றார். மூன்று வருடம் தாங்காது, ஒரு வருடத்தை ஏற்றுக்கொள் என்று அவர்தான் மகனிடம் சொல்லியிருந்தார். அவன் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டான்.

அப்போது செல்லாத்தாள் அக்காவை வாசலில் நிறுத்திவிட்டு, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, புரொஜெக்டரைக் குழந்தைபோல் மார்போடு அணைத்தபடி மாசாணண்ணன் உள்ளே வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அந்த அறைக்குள் கூப்பிடாமல் அவர் வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"என்ன மாசாணம் இது?" என்று பத்மாவதி அம்மா எழுந்தார்.

"படமுங்க."

பேச்சு வராதபோது தெரிந்த வேலையைச் செய்தார். ஜன்னல்களைச் சாத்தினார், பிளக்கைச் செருகினார். ஸ்லைடு இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை, பொட்டு வைத்த முகம் விளக்கைப் பார்க்கப் போட்டார். முதல்வரின் சுண்ணாம்புச் சுவரில் அமெரிக்கத் தாய் வலப்பக்கம் பார்த்தாள். குழுத் தலைவர் புத்தகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அண்ணன் ஸ்லைடை எடுத்து முகம் திருப்பிப் போட்டார். தாய் இடப்பக்கம் திரும்பினாள். புத்தகமும் சுவரும் ஒன்றாயின.

"பொட்ட மாத்தி ஒட்டிப்போட்டனுங்க. பசங்க பாத்ததத்தான் எழுதுனாங்க. தப்பு என்றதுங்க."

தமிழ்ச்செல்வன் பேனாவை மூடிவிட்டான்.

குழுத் தலைவர் அதை எழுதித் தரச் சொன்னார். அரைப் பக்கம் எழுத அண்ணனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்பதாம் நாள் தேர்வு முடிவு வந்தது, இருபத்துமூன்று பேரும் தேறினார்கள். தமிழ்ச்செல்வன் பி.எட். சேர்ந்தான். அண்ணனுக்கோ முடிவு வரவில்லை. தபால்காரர் சைக்கிளைக் கண்டாலே அலமாரிப் பக்கம் ஒதுங்கியபடி நாற்பத்தாறு நாள் காத்திருந்தார். கடைசியில் வந்தது ஒரு மெமோ. பணிப்பதிவேட்டில் "கவனக்குறைவு, கண்டிக்கப்பட்டார்" என்று சிவப்பு மையில் ஏறிற்று.

வேலை தப்பியது. பயம் தப்பவில்லை. அன்றிலிருந்து ஐந்தாண்டுகள், ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு படம் விழுந்ததும் இருட்டிலிருந்து அந்தக் குரல் கேட்கும். "ஏனுங்க, படம் சரியாத்தான் உளுந்திருக்குதுங்களா?" மாணவர்கள் அதைப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் ஆசிரியர்கள் நாங்களும் டீ குடிக்கும்போது சிரித்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கு ஒருவர்கூட நின்று பதில் சொன்னதில்லை. அதற்காக இந்த மேடையில் வெட்கப்படுகிறோம்.

அண்ணா, இனி உங்களிடமே பேசுகிறோம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டபடியே குற்றங்குறை இல்லாத சேவை என்று எழுதவில்லை. ஓய்வூதியக் கோப்பைத் தயாரித்த எழுத்தர் நஞ்சுண்டன், உங்கள் பதிவேட்டில் அந்தச் சிவப்பு வரி உள்ள பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். அந்தக் கோப்புக்கு அதனால் ஒரு தடையும் இல்லை, பத்து நாளாக அலுவலக வாசலில் நிற்பதை நிறுத்திவிடலாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். உங்கள் முப்பத்தோர் ஆண்டுகளில் நாங்கள் தலைவணங்குவது அந்தப் பக்கத்துக்குத்தான். அந்தத் திங்கட்கிழமை நீங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த வரி இருந்திருக்காது, இருபத்துமூன்று பட்டங்களும் இருந்திருக்காது.

இம்மடலைச் சட்டம் போட்டிருக்கிறோம். கண்ணாடிக்குள் மடலோடு இருநூற்றேழும் இருக்கிறது, துறை அதைத் தங்களுக்கே தந்துவிட்டது. பழைய பொட்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செல்லாத்தாள் அக்காவே ஒட்டினார். ஒட்டுமுன் மூன்று பேரிடம் காட்டிக் கேட்டார். தாங்களும் அவரும் நோய் நொடியின்றி, தபால்காரரைக் கண்டால் மோர் கொடுத்துக் கதை பேசும் நிம்மதியோடு நூறாண்டு வாழ வேண்டுமென நெஞ்சார வேண்டுகிறோம்.

கடைசியாக ஒன்று. பின்வரிசையில் பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள், விருந்தாளிகள் என்று நினைத்திருப்பீர்கள். நடுவில் உயரமாக நிற்பவர் வால்பாறைப் பள்ளி ஆசிரியர் தமிழ்ச்செல்வன், பக்கத்தில் அவருடைய அம்மா. அந்த இருபத்துமூன்று பேரில் மற்ற ஐவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சட்டத்தை உங்கள் கையில் கொடுத்ததும் நீங்கள் அதைத் திருப்பிப் பார்த்து, வழக்கம்போலக் கேட்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள்.

"சரியாத்தான் உளுந்திருக்குதுங்ண்ணா."

கோயம்புத்தூர்
30.4.1998

என்றும் தங்கள் அலமாரிச் சாவியைத் தேடப்போகும்,
வரலாற்றுத் துறை ஆசிரியர்கள், அலுவலகத்தார், மாணவர்கள்