வராமல் போனவர்கள்

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம். சர்க்கரை வியாதி எனக்குக் கிடையாது. அதை ஆராய்ந்துதான் இத்தனை வருஷம் பிழைப்பு ஓடியது; பார்த்துப் பார்த்துப் பயந்துபோய் விட்டுவிட்டேன். அக்காரவடிசலையே ஒதுக்கிவைக்கிற ஆள் இந்த ஹயக்ரீவன் என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் கேலி செய்வார்கள். நீங்கள் மூவரும் படித்தவர்கள், என் கட்டுரையைப் பற்றி விசாரிக்க வந்த குழு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் கட்டுரை எழுதினால் மட்டும் போதாது. அதை இன்னொருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்ட வேண்டும். எத்தனை பேர் காட்டினார்கள் என்பதுதான் எங்கள் ஜாதகம். தலை நரைக்கிறவரை எலிகளோடு குடித்தனம் நடத்தி நான் எழுதியவற்றை என்னைத் தவிர அநேகமாக யாரும் மேற்கோள் காட்டவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் எல்லாருடைய பெயரையும் மேற்கோள் எண்ணிக்கையையும் திரையில் போட்டுக் காட்டுவது எங்கள் கல்லூரி வழக்கம். முதலில் இருப்பவருக்குச் சால்வை. கடைசியில் இருப்பவரை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெயரைக் கொஞ்ச நேரம் திரையிலேயே விட்டுவைப்பார்கள். அந்த ஆண்டு அது என் பெயர். மூன்று ஆண்டுக்குள் இது ஏறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இயக்குநர் தன் அறையில் வைத்துச் சொன்னார். ஐம்பது வயதுக்காரனுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? வீடு திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. இறங்கிவிடலாம் என்று எழுந்துவிட்டேன். கண்டக்டர், "இங்க ஸ்டாப்பிங் இல்ல சார், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

"ஏன்னா, முகமே நன்னா இல்லையே?" என்று பூமா கேட்டாள். தலைவலி என்றேன். அன்றைக்கு அவளிடம் சொல்லியிருந்தால் என் கதை வேறாக ஆகியிருக்குமோ என்னவோ. சொல்ல வெட்கமாக இருந்தது.

கையில் இருந்தது ஒரே ஒரு களிம்பு. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்காக மூலிகைச் சாற்றில் செய்தது. எலிகளுக்கு நன்றாகவே ஆறியது. எலிகள் விஷயத்தில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஆறியது, புண்ணைத் தினம் கழுவிக் கட்டினாலே பாதிப் பேருக்கு ஆறிவிடும். மற்றவர்களுக்கு ஆறவில்லை, சிலருக்கு இன்னும் மோசமானது.

இந்த மாதிரி ஆய்வுகளில் பாதியில் வராமல் போகிறவர்கள் எப்போதும் உண்டு. வெளியூராக இருக்கும், வேலையை விட்டு வர முடியாது. அவர்களைத் தோல்வியாகச் சேர்ப்பதா, கணக்கிலிருந்தே ஒதுக்கிவிடுவதா என்று ஆய்வை நடத்துபவர் தொடக்கத்திலேயே முடிவுசெய்து சொல்லிவிடலாம். ஒதுக்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிறகுதான் ஒன்று புரிந்தது. புண் மோசமானவர் வந்தால் அது தோல்வி. வராவிட்டால் அவர் வெறுமனே வராதவர்.

திருவெள்ளறையிலிருந்து செல்லக்கிளி என்று ஒருவர் வருவார். பள்ளிக்கூடச் சத்துணவுக்குச் சமைப்பவர், கலகலவென்று பேசுவார். கால் பெருவிரலில் புண். வாரம் ஒருமுறை எங்கள் நோயாளிகளைப் பார்க்க வரும் அறுவை மருத்துவர் இன்னாசிராஜ் அவரிடம், "விரலை எடுத்துடலாம்மா, காலு தப்பிச்சிடும். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், நாளைக்கே போங்க" என்று சொல்லிவிட்டார். செல்லக்கிளி அழுதுகொண்டே என்னிடம் வந்தார். என்னையும் வைத்தியர் என்றுதான் நினைத்திருந்தார். நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"டாக்டரய்யா, விரலை எடுத்துட்டா நான் எப்படி நின்னு சமைப்பேன்? அங்க போனா ஊசி மருந்துன்னு போடுவாங்களே, இந்தக் களிம்பு முறிஞ்சிடாதுங்களா?"

ஒரு மருந்தோடு இன்னொன்று சேர்ந்தால் முறிந்துவிடும் என்று நம் ஜனங்களுக்கு இருக்கிற பயம் உங்களுக்குத் தெரியும். கேள்வி அவருடையது. நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"முறிஞ்சிடும்மா" என்றேன். "வேற யார்கிட்டயும் காட்டாதீங்க. நான் போன் பண்றப்ப வந்தா போதும்."

கையெடுத்துக் கும்பிட்டார். பத்தியம் உண்டா என்று கேட்டார். கத்தரிக்காயும் கருவாடும் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டுக்குள் கருவாடு எந்தக் காலத்திலும் நுழைந்ததில்லை. பத்தியம் என்றால் அதை ஒதுக்குவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

நான் போன் செய்யவில்லை. அவர்தான் செய்தார். கால் வீங்கியிருக்கிறது என்றார். இன்னொரு நாள், ஜுரம் கொதிக்கிறது என்றார். மருந்து பிடித்துக்கொண்டது, பயப்படாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அவர் எண் வந்தால் எடுப்பதில்லை.

"அந்தச் சத்துணவு அம்மா என்ன ஆனாங்க?" என்று இன்னாசிராஜ் கேட்டார்.

"வரதில்லை சார்" என்றேன்.

"விரலை எடுக்கணும்னாலே ஓடிடுறாங்க" என்று வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

முறிந்துவிடும் என்ற அந்த ஒரு வார்த்தையை மற்றவர்களிடமும் சொல்ல வேண்டியிருந்தது. புண் கறுக்கத் தொடங்கிய ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கடைசிவரை வந்தவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் புண் ஆறியது என்று கட்டுரை வெளிவந்தது. அதில் பொய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம். பிரேசிலிலும் எகிப்திலும் முகம் தெரியாதவர்கள் மேற்கோள் காட்டினார்கள். அவர்களும் யார் யாருக்கோ அந்தக் களிம்பைப் போட்டிருப்பார்கள், அது என் பொறுப்பில் வராது. காலையில் எழுந்ததும் பெருமாள் படத்தைச் சேவிப்பதற்கு முன்னால் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்ப்பேன். அது ஏறியிருக்கிற அன்று சாப்பாடு இறங்கும். கெடு முடிந்த ஆண்டுக் கூட்டத்தில் சால்வை எனக்குத்தான். பூமா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் மாணவி கனிஷ்கா கெட்டிக்காரி. வராமல் போனவர்களையும் தேடிப் பிடித்து இன்னொரு கட்டுரை எழுதலாம் என்று தானாகவே கிளம்பிவிட்டாள். சாருக்கு மேற்கோள் கூடட்டும் என்ற நல்ல எண்ணம்தான், பாவம். முதலில் திருவெள்ளறைக்குப் போனாள். செல்லக்கிளியின் மகள் இளவேனில் சொன்னதை என் மேஜைக்கு முன்னால் நின்றபடி ஒப்பித்தாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன்னுட்டாங்களாம் சார், மருந்து முறிஞ்சிடும்னு. மக கால்ல விழுந்தும் கேக்கலையாம். கடைசி வரைக்கும் போனைக் கையிலேயே வச்சிருந்தாங்களாம். டாக்டரய்யா கூப்பிடுவாருன்னு."

கனிஷ்கா மற்ற வீடுகளுக்கும் போயிருக்கிறாள். சிலர் ஒற்றைக் காலோடு இருக்கிறார்கள். சிலர் இல்லை. "நீங்களே சொல்லிடுங்க சார்" என்று கெஞ்சினாள். இந்த ஆண்டுக் கூட்டம் முடியட்டும் என்றேன். அவள் காத்திருக்கவில்லை, உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆமாம், அவர்களை நான்தான் வராமல் செய்தேன். செத்துப்போவார்கள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். புண் கறுத்த பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு நாளும் பயந்து செத்தேன், நம்புங்கள். கல்லூரி வாசலில் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன், அவர்களில் யாராவது வந்து இறங்கிவிடுவார்களோ என்று.

கட்டுரையை நீக்கச் சொல்லி இதழுக்கு எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள், தடுக்க மாட்டேன். போலீஸுக்கும் இதையே சொல்கிறேன். ஆனால் உங்கள் அறிக்கை அச்சில் வரும்போது ஓர் உதவி செய்யுங்கள். 'அந்தக் கட்டுரை' என்று மொட்டையாகப் போட்டுவிடாதீர்கள். தலைப்பு, இதழ், ஆண்டு, என் இனிஷியல் எல்லாவற்றையும் பிழையில்லாமல் போடுங்கள். திட்டுவதற்காகக் குறிப்பிட்டாலும் அது மேற்கோள்தான், கணக்கில் சேர்ந்துவிடும்.