பிள்ளையார் நெற்றி உயரம்

மீமிசல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் மீன் கூடையோடு இருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "எங்க துறைமுகத்துக்குப் பிள்ளையார்தான் இஞ்சினியரு."

"என்னக்கா சொல்றீங்க?"

"போன புயல்ல தண்ணி தடுப்புச் சுவரைத் தாண்டி, கரைப் பிள்ளையாரு தொந்தி வரைக்கும் ஏறிருச்சு. கட்டிக் கெடந்த எங்க படகும் ஒடைஞ்சு போச்சு. புதுச் சுவருக்கு அளக்க வந்தவருட்ட அந்தத் தொந்தியத்தான் காட்டுனோம்."

"தொந்தி ஒசரத்துக்கா கட்டுறாங்க?"

"இனிமே வர்ற தண்ணி இன்னும் ஏறுமாம். நெத்தி ஒசரத்துக்குக் கட்டுறாங்க."

"அப்பறம் அவரு எப்புடிக் கடலப் பாப்பாரு?"

"சுவரு மேலயே ஏத்தி உக்கார வைக்கிறோம்ல! அவரு கடலப் பாத்துக்கட்டும். கீழ எங்க புதுப் படகு நிக்கும்."

அவர்களுக்குத் தெரியாமல் கைகூப்பிக்கொண்டேன்.