படிக்கப் படிக்கத் தேயும்

பொன்னுரங்கம் மாமா கடைக்கு வந்தது செவ்வாயா புதனா என்பது எனக்கு நிச்சயமில்லை. அவர் சட்டை நனைந்திருந்ததாக ஞாபகம். அன்று மழை இல்லை என்றும் ஞாபகம். மற்றதைச் சரியாகவே சொல்கிறேன்.

பழவேற்காடு கடைத்தெருவில் போன் பழுது பார்க்கிறேன். அவர் கொண்டுவந்தது மகன் சுபாஷின் மெமரி கார்டு. எங்கள் ஏரியில் வலை விடும் இடங்களுக்கு முறை உண்டு, பாடு என்போம். முறை மாறி யாராவது வலை விட்டால் ஊர்ச்சபையில் காட்டுவதற்காக, சுபாஷ் தன் பாடு நாளெல்லாம் படகில் போனைக் கட்டிவைத்துப் படம் எடுப்பான். கார்டு நிரம்பினால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பான். அழிக்கும் ஒவ்வொரு முறையும் கார்டு கொஞ்சம் தேயும். அவனுடையது நான்கு வருடம் தேய்ந்தது.

அந்த வாரம் பாடு தகராறில் ஹரிஷ் என்ற இளைஞன் படகின் விளிம்பில் தலை அடிபட்டு, தண்ணீரில் விழுந்து இறந்தான். சுபாஷ் தள்ளியதாக வழக்கு. நடந்தது அந்தக் கார்டில் இருந்தது. போனில் அது திறக்கவில்லை.

“இதுலதாம்பா எம்புள்ள உசுரு கீது,” என்றார். “உன்ன உட்டா யாராண்ட போவேன்?”

பதினோரு வருடத்துக்கு முன், என் நைனா முறை மாறி வலை விட்டதாகச் சபையில் சாட்சி சொன்னவர் அவர். அன்று நைனா என் காய்ச்சலுக்காக என்னோடு பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுவனான என் சொல்லைச் சபை கேட்கவில்லை. நைனாவுக்குப் பாடு போயிற்று. ஏழு மாதம் பேசாமல் வீட்டில் இருந்தவர், ஒரு நாள் முகத்துவாரத்தில் இறங்கினார்; கரையேறவில்லை. சபையில் பேசியதைச் சபையோடு விட்டுவிட வேண்டும், மனதில் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். மாமா அதை நம்பினார்.

என் ரீடரில் கார்டு திறந்தது. படம் முழுவதும் ஓடியது. சுபாஷ் இரண்டு கையிலும் வலையோடு பின்முனையில் நிற்கிறான். ஹரிஷ் தானாக வழுக்குகிறான்.

தேய்ந்த கார்டில் தகவல் நிலையாக இருக்காது. படிக்கும்போது வரும் பிழைகளை உள்ளே இருக்கும் சிப் திருத்தும். அதற்கும் ஓர் அளவு உண்டு. ஓர் இடத்தை ஓயாமல் படித்தால் பக்கத்து இடங்கள் கலையும். ஆகவே ஒரே தடவை படித்து நகல் எடுத்துவிட்டு, கார்டைத் தனியாக வைத்துவிட வேண்டும்.

நான் நகல் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்படி கம்ப்யூட்டரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மூன்று நாள். திரை என் பக்கம் இருந்தது. மாமா வாசல் பெஞ்சில் இருந்தார். டீ வாங்கித் தந்தார். முதல் நாள் ஹரிஷின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. இரண்டாம் நாள் சுபாஷின் கைகள் போயின. மூன்றாம் நாள் மாலை கார்டே திறக்கவில்லை.

“ரொம்பத் தேஞ்சி பூட்ச்சி மாமா,” என்றேன்.

அவர் அதை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

நான் எதையும் அழிக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுபாஷ் பத்து வருடத் தண்டனையில் புழலில் இருக்கிறான். அவன் மனைவி அர்ச்சனா குழந்தையோடு ஆரம்பாக்கத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். ஹரிஷின் அம்மா நியாயம் கிடைத்ததாக நினைக்கிறாள். மாமாவுக்கு ஒரு பக்கம் வாதம் அடித்துவிட்டது. என்னைக் கண்டால் தூக்க முடியாத கையையும் சேர்த்துக் கும்பிடப் பார்க்கிறார். தன் மகனுக்காக வேறு வேலை பார்க்காமல் மூன்று நாள் உட்கார்ந்தவன் என்று ஊரெல்லாம் சொல்கிறார். இந்த முறை அவர் சொல்லும் சாட்சியில் பொய் இல்லை.