பச்சையில் நின்ற திரை

எங்கள் வீட்டு மாடியறையில் ஏசி மாட்டியது கம்ப்யூட்டர்களுக்காகத்தான் ஐயா. எனக்கும் மனைவி அனுப்பிரியாவுக்கும் கீழே இன்னும் ஃபேன்தான். "அதுகளையே கட்டியிருக்கலாமுங்க" என்று கேலி செய்வாள்.

ஒரு நிஜக் கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களைத் தனித்தனியாக ஓடவிடலாம். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதை அணைத்தால் திரை கறுத்துவிடும். பாஸ் செய்தால், அதாவது ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவைத்தால், அப்படியே உறைந்து நிற்கும். கடைசியாகக் காட்டியதையே காட்டிக்கொண்டிருக்கும். மறுபடி ஓடவிட்டால், இடையில் நேரம் போனதே அதற்குத் தெரியாது. இந்த வித்தியாசம் புரிந்தால் நடந்ததும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

சாமளாபுரத்தில் என் மச்சான் மகுடேஸ்வரனுக்குச் சாயப்பட்டறை இருக்கிறது. அங்கே கழிவுத் தொட்டியில் விஷவாயு ஏறுகிறதா என்று பார்க்க ஒரு சென்சார் வைத்தேன். அதைக் கவனிப்பது என் மாடியறையில் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின். தொட்டியருகே ஒரு திரை. பச்சை என்றால் இறங்கலாம். சிவப்போ கறுப்போ என்றால் கூடாது. சிவப்பானால் எல்லோர் போனுக்கும் அழைப்பு போகும். தொட்டி கழுவும் வீரனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நானே. அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை.

அன்று காலையிலிருந்து சிவப்பு. மறுநாள் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் பட்டறையைப் பார்க்க வருகிறார்; அதற்குள் தொட்டியைக் கழுவியாக வேண்டும். மச்சான் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "உன்ற டப்பா சொல்றதக் கேட்டா பொழப்பு நடக்காது மாப்ள. நாளைக்கு அத்தனையும் காயலான் கடைக்குத்தான்." பெண்டாட்டியின் அண்ணன் முன்னால் முகம் சுண்டிப்போனவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

மூடியைத் திறந்ததும் காற்றடித்து, கொஞ்ச நேரம் பச்சை வந்தது. கையிலிருந்த போனிலேயே மாடியறை மெஷினைப் பாஸ் செய்தேன். அணைத்திருந்தால் வீரன் இறங்கியிருக்க மாட்டான். அது தெரிந்துதான் அணைக்கவில்லை.

"ஏனுங்க சாமி, பச்சதானுங்களே?"

"திரையப் பாரு வீரா."

நான் பொய் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கினான். நான் டீ குடிக்கப் போனேன்.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்தால், சோறு கொண்டுவந்த அவன் மகள் தமிழ்மதி தொட்டி விளிம்பில் நின்று அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அவன் குப்புறக் கிடந்தான். ஆட்கள் கயிறு தேடி ஓடினார்கள். நாலு பேர் வந்து பார்க்கும்போது மெஷின் ஒழுங்காக ஓட வேண்டுமே என்று மறுபடி ஓடவிட்டேன். திரை சிவப்பானது. கம்பியில் தொங்கிய சட்டைக்குள் போன் அடித்தது. தமிழ்மதி எடுத்தாள்.

அழைப்பில் பேசுவது என் குரல்தான் ஐயா, முன்பே பதிவு செய்து வைத்தது. "தொட்டியில கேஸ் இருக்குதுங்க. தயவுசெஞ்சு யாரும் எறங்காதீங்க." அந்தப் பெண் அதை முழுக்கக் கேட்டாள்.

வீரனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ஆனால் இறங்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.