‘உப்புத் தீவு’ எரிந்த பிற்பகல்

பெயர் வினிஃப்ரெட் டோலண்ட், வயது 36, காலஞ்சென்ற எவரெட் டோலண்டின் மனைவி, தொப்பிக் கடை ஊழியர், நியூ ஜெர்சி மாகாணம், பசாயிக் நகரம்.

நான் மேற்படி ஊரில் வசித்து வருகிறேன். 1919-இல் நானும் என் கணவரும் ‘உப்புத் தீவு’ என்ற மௌனப் படத்தில் காதலர்களாக நடித்தோம். அப்போது பழகித்தான் மணந்துகொண்டோம். பேசும் படம் வந்த பிறகு அவர் குரல் எடுபடாததால், உள்ளூர்த் தியேட்டரில் படம் ஓட்டும் வேலைக்குப் போனார். படம் எடுத்த கம்பெனி மற்ற பிரதிகளை அழித்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஒன்றுதான் மிச்சம்.

1931 அக்டோபர் 10 சனிக்கிழமை பிற்பகல், தெரிந்தவர்களுக்கு மட்டும் அதைத் திரையிட்டார். நான் முன் வரிசையில் இருந்தேன். தொடங்குமுன் அவர் மேலே படம் ஓட்டும் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “வின்னி, முத்தக் காட்சியில கண்ண மூடிக்காத. அன்னைக்கு நீ வெங்காயம் தின்னுட்டு வந்தும் நான் எப்படி நடிச்சேன்னு பாரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் காட்சியில் திரையில் என் முகம் அசையாமல் நின்றது. கன்னத்தில் பழுப்பாக ஒரு ஓட்டை விழுந்து பரவியது. தந்திரக் காட்சி என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். அதன் பிறகு மேலேயிருந்து புகை வந்தது. நான் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடி, எதிர் மருந்துக் கடையிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

திரும்பி வந்தபோது சனங்கள் தெருவில் நின்றார்கள். படச்சுருள் டப்பாக்கள் சாலையில் கிடந்தன. டிக்கெட் கொடுக்கும் ஆக்னஸ் குபியாக்கிடம் “எவரெட் எங்கே?” என்று கேட்டேன். அவள், “நீ உள்ள இல்லையா?” என்றாள். பிறகு, “அவர் டப்பாவெல்லாம் ஜன்னல் வழியா வீசிட்டு வெளிய வந்துட்டாரு, வின்னி. வின்னி எங்கேன்னு கேட்டாரு. முன் வரிசையில பார்த்தேன், வெளிய வந்ததைப் பார்க்கலன்னு சொன்னேன். உடனே திரும்ப உள்ள ஓடிட்டாரு. நான்தான் சொன்னேன்” என்றாள்.

நான் கதவுப் பக்கம் போனேன். இருவர் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு கூரை விழுந்தது. சூடேறியிருந்த டப்பாக்கள் சாலையிலேயே ஒவ்வொன்றாகத் தீப்பற்றின. யாரும் அணைக்கவில்லை, நானும் அணைக்கச் சொல்லவில்லை.

படத்தைக் காப்பாற்றப் போய் இறந்தார் என்று பத்திரிகையில் போட்டிருப்பதை, தீ விபத்தை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் வாசித்துக் காட்டினார். அது தவறு. படம் அப்போது வெளியே இருந்தது. ஆக்னஸ் மீது எனக்குப் புகார் இல்லை.

இவ்வளவும் நான் கண்டதும் கேட்டதும். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) வினிஃப்ரெட் டோலண்ட்