அரிசித் தொட்டிக்குள் குடும்பப் புத்தகம்

— அம்மா, குடும்பப் புத்தகத்தைக் குடு.

— மிளகாய் பாட்டில் ரெண்டு போதுமா, மூணு எடுத்துக்கவா? நாம போற டாலிப் பக்கம் சாப்பாட்டுல காரமே இருக்காதாம். எங்க டான்ஸ் கோஷ்டியில லியூ அக்கா சொன்னா.

— அங்கயும் மிளகாய் விளையுது. நான் கேட்டது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. காது நல்லாத்தான் இருக்கு, இடுப்புதான் போச்சு. அந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

— காலேஜுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை. வேலை கிடைச்சப்ப ஒரு தடவை. போன புது வருஷத்துக்கு, சித்தப்பா வீட்டு ஆளுங்க எல்லாரையும் உட்கார வச்சுக்கிட்டு ஒரு தடவை.

— தெரிஞ்சும் கேக்குற.

— தெரிஞ்சுதான் கேக்குறேன்.

— கிழவா, உன் பொண்ணு பேசுறதைக் கேட்டியா? விடிஞ்சா ஏழு மணிக்கு ரயில். மூணு பேருக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. எட்டு முட்டை அவிச்சு வச்சிருக்கேன். பொறந்ததுல இருந்து வேலைக்குன்னு இல்லாம, ஊர் பாக்கன்னு ரயில் ஏறப்போறது இதுதான் முதல் தடவை. இன்னைக்குன்னு பார்த்து இதை எடுக்குறா.

— டீ ஆறுது, கூய்யிங். குடிச்சுட்டுச் சண்டை போடு.

— நீ குடி. உனக்கு டீ, செல்போன், ஜன்னலோரம் இருந்தாப் போதும். வீடு பத்தி எரிஞ்சாலும் போன்லதான் படிச்சுத் தெரிஞ்சுக்குவ.

— அம்மா, ஊரும் பாக்கலாம். முதல் நாள் ஏரியைச் சுத்தி வர்றோம். அடுத்த நாள் மலைக்குக் கேபிள் கார். அப்பா முட்டிக்கு ஏறவே வேண்டாம், உட்கார்ந்தே போகலாம். பழைய ஊர்ல ஒரு சாயங்காலம். வியாழக்கிழமை காலைல மட்டும் ஒரு மணி நேரம் வேற வேலை.

— என்ன வேலை?

— உனக்குத் தெரியும்.

— உன் வாயால சொல்லு.

— ஹாய்ஷெங்கும் நானும் கல்யாணத்தைப் பதியப்போறோம். ஏரிக்கரையிலயே ஆபீஸ் இருக்கு. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

— அப்படிச் சொல்லு. அவன் ஊருன்னு தெரிஞ்சுதான் வர்றேன்னு சொன்னேன். ஏரியைப் பாக்க வர்றேன், அவனைப் பாக்க வரல.

— அவங்க அம்மா ஒரு வாரமாப் பாலாடைக்கட்டியை விசிறி மாதிரி இழுத்துக் காயப் போட்டிருக்காங்க. உனக்குச் சுட்டுத் தரணும்னு.

— எனக்குப் பால் ஒத்துக்காது.

— அதையும் சொன்னேன். அப்பாவுக்குச் சுடுறேன்னாங்க.

— எனக்கு ஒத்துக்கும்.

— கிழவா, உன்னை யாரும் கேக்கல. இங்க பாரு லான்லான், சர்க்கார் குடுத்த, நம்ம மூணு பேர் பேரும் பதிஞ்சிருக்கிற அந்தப் புத்தகம் என்கிட்டதான் இருக்கு. இருக்கிற இடத்துல பத்திரமா இருக்கு. அது இல்லாம இந்த நாட்டுல ஒரு ஆபீஸ்லயும் உன் பேரை ஒருத்தன் பேருக்குப் பக்கத்துல எழுத மாட்டான். லியூ அக்கா அவ பொண்ணுக்கு என்ன பண்ணா? புத்தகத்தை மெத்தைக்குள்ள வச்சுத் தைச்சுட்டா. நாலு வருஷம் அது மேலயே படுத்தா. வெளியூர்க்காரன் பொறுத்துப் பார்த்துட்டு ஓடியே போயிட்டான். இப்ப அந்தப் பொண்ணு ரெண்டு தெரு தள்ளிக் குடும்பம் நடத்துது. தினம் அம்மாவுக்கு சூப் வச்சுக் கொண்டுவருது.

— அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்திருக்கியா?

— சூப்பைத்தான் பாத்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு.

— ஹாய்ஷெங்கிட்ட என்ன குறை கண்ட?

— குறையா? நம்ம வகையறாவுலயே காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீ. உன் பேரைச் சிவப்புத் துணியில எழுதி ஊர் முகப்புல கட்டினாங்க. மழையில சாயம் போற வரைக்கும் நான் அதைக் கழட்ட விடல. தண்ணியைப் பத்திப் படிச்ச, ஏரித் தண்ணியைச் சோதிக்கிற வேலைக்குப் போன. சரி. அவன் யாரு? அதே ஏரியில படகு ஓட்டிப் பாசி அள்ளுறவன்.

— தண்ணி கெட்டுப்போச்சுன்னு நான் காகிதத்துல எழுதுறேன். அவன் இறங்கி அள்ளுறான். யார் வேலையால ஏரி பொழைக்குதுன்னு எனக்குத் தெரியும்.

— பேசு. படிக்க வச்சதுக்கு இந்த வாயாவது மிஞ்சுச்சு.

— ஒண்ணு கேக்குறேன். அவன் நம்ம ஊர் ஆத்துல பாசி அள்ளினா ஒத்துக்குவியா?

— யோசிப்பேன்.

— அப்ப பாசிக்காக நீ இந்தக் குதி குதிக்கல.

— ஆமாடி, தூரம்தான். போதுமா? ரயில் மாறி எட்டு மணி நேரம். ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. நான் இந்தப் படியில உருண்டா, நீ வந்து சேர்றதுக்குள்ள என்னை எரிச்சு முடிச்சிருப்பாங்க. தூரத்துல கட்டிக் குடுத்தா அப்புறம் பொண்ணுங்கிறது போன்ல வர்ற மூஞ்சிதான். பேசிக்கிட்டே இருக்கும்போது அப்படியே நின்னுபோற மூஞ்சி.

— எனக்கு மூஞ்சி கூட வரல.

— ஆரம்பிச்சுட்டா.

— எனக்கு ஆறு வயசு. என்னைச் சித்தப்பா வீட்டுல விட்டுட்டு நீயும் அப்பாவும் டோங்குவானுக்குப் போனீங்க, ஜிப் தைக்கிற ஃபேக்டரிக்கு. ஞாயித்துக்கிழமை மளிகைக்கடை போன்ல உன் குரல் வரும். எனக்குப் பின்னாடி இன்னும் நாலு பிள்ளைங்க அவங்கவங்க அம்மா குரலுக்கு வரிசையில நிக்கும். நான் காலேஜ் போற வரைக்கும் பதினோரு வருஷம் இப்படித்தான். புது வருஷத்துக்கு மட்டும் வருவீங்க. நாலாவது தடவை நீ வந்து வாசல்ல நின்னப்ப, 'சித்தி, யாரோ வந்திருக்காங்க'ன்னு உள்ள பார்த்துச் சொன்னேன்.

— அதை நீ சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வரணுமா?

— அப்ப டோங்குவான் தூரமாத் தெரியல.

— ரயில்ல பதினாறு மணி நேரம் நின்னுக்கிட்டே போனேன். தூரம் தெரியலங்கிற. அது வயித்துக்காகப் போனது.

— தெரியும். அதுக்கு உன் மேல கோவப்படலாமா கூடாதான்னு இருபது வருஷமா யோசிச்சு எனக்கே அலுத்துப்போச்சு.

— எனக்கு அலுக்கலையா? இந்த நாட்டுல பாதிப் பேரு கால்சட்டை நான் தைச்ச ஜிப்புலதான் மானமா நிக்குது. இடுப்பு ஒடிஞ்சு, போன மாசம்தான் போதும்னு வீட்டுல உட்கார்ந்தேன். இனிமேலாவது பொண்ணைப் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்னு இருந்தேன். நான் வந்து சேர்ற நேரம் பார்த்து நீ அங்கயே தங்கிடக் கிளம்புற.

— கூய்யிங், குடுத்துடு.

— நீ சும்மா இரு.

— சும்மா இருந்துதான் தலை நரைச்சுப்போச்சு. லான்லான், அரிசித் தொட்டியில பாரு. அடியில, பிளாஸ்டிக் கவருக்குள்ள.

— கிழவா, நீ மனுஷனா?

— தினம் கஞ்சி வைக்கிறவன் நான். அரிசி அள்ளும்போதெல்லாம் கையில இடிக்குது. நான் எடுத்துத் தர்றேன்மா, நீ வாங்கிக்க.

— வேண்டாம்ப்பா. லீவுல வந்த மறுநாளே நானும் அரிசி அள்ளினேன். எனக்கும் கையில இடிச்சுச்சு.

— இடிச்சும் எடுக்கலையா?

— எடுக்கல. அம்மா குடுக்கட்டும்.

— பாத்தியா கிழவா, அவளுக்கே பயம் இருக்கு. லான்லான், அம்மா சொல்றதைக் கேளு. ஒரு வருஷம் பொறு. ஒரே ஒரு வருஷம். அதுக்கப்புறமும் அவன்தான்னு நீ நின்னா, பேசலாம்.

— டோங்குவான் கிளம்புறப்பவும் இதைத்தான் சொன்ன. ஒரே ஒரு வருஷம்னு.

— அதையும் இதையும் முடிச்சுப் போடாதே.

— அம்மா, சண்டை போடத் தெம்பில்ல எனக்கு. ஒரு தடவை எந்திரிச்சுப் போய், அந்தத் தொட்டிக்குள்ள கையை விட்டு எடுத்துட்டு வா. திட்டிக்கிட்டே குடு, பரவாயில்ல.

— மாட்டேன்.

— நாலு சால்வை எடுத்து வச்சிருக்க. ஏரிக்கரையில நின்னு காத்துல பறக்கவிட்டுப் போட்டோ எடுக்கணும்னு. நான்தானே எடுக்கணும்?

— சால்வையைச் சொல்லி என்னை மயக்காதே. நான் வரவே இல்ல. டிக்கெட்டை ரத்து பண்ணிக்க. அவிச்ச முட்டையை உங்க அப்பா தின்னுக்கட்டும்.

— கடைசியாக் கேக்குறேன். குடும்பப் புத்தகத்தைக் குடும்மா.

— கிடக்கிற இடத்துல கிடக்கும். நீ வியாழக்கிழமை பத்து மணிக்கு வெறுங்கையோட போய் நில்லு. ஆபீஸ்ல துரத்தி விடுவாங்க, வெளிய நின்னு ஏரியைப் பார்த்துட்டு வா.

— சரி.

— என்ன சரி? எங்க கிளம்புற? ரயில் நாளைக்குத்தானே?

— என் டிக்கெட்டைச் சாயங்கால வண்டிக்கு மாத்திட்டேன். உங்க ரெண்டு டிக்கெட்டும் அப்பா போன்ல அப்படியேதான் இருக்கு. மூணாவது கொக்கியில நீலக் கோட்டு மாட்டியிருக்கேன், அங்க காத்து ஊசி மாதிரி குத்தும்.

— ஏய், நில்லு. பையை வை கீழ. புத்தகம் இல்லாமப் போய் என்னடி பண்ணுவ?

— லான்லான், அவகிட்டச் சொல்லிட்டுப் போம்மா. நான் போன்ல படிச்சுட்டேன். நானா சொன்னா நம்ப மாட்டா.

— எதை? கிழவா, என்ன படிச்ச? அடியே, கதவைத் திறக்காதே, என்னன்னு சொல்லு.

— அம்மா, மே மாசமே சட்டம் மாறிடுச்சு. கல்யாணம் பதியப் புத்தகம் கேக்குறதில்ல, அடையாள அட்டையை நீட்டினாப் போதும். நீயா எடுத்துக் குடுப்பியான்னுதான் கேட்டேன்.